கூட வந்தவர்கள்

1

மருத்துவமனையில் நோயாளியுடன் வருகிறவருக்கு ஒரு பெயர் இருக்கிறது: அட்டெண்டர். "பேஷண்ட்டோட அட்டெண்டர் யாருப்பா?" என்று கேஷுவாலிட்டி வாசலில் ஒரு குரல் கேட்கும். வெளியே போட்டிருக்கும் இரும்பு நாற்காலிகளில் ஒன்றிலிருந்து ஒருவர் எழுந்து ஓடுவார். நெஞ்சுவலி வந்தவரின் மகன் அப்படி ஓடும்போது சுற்றியிருப்பவர்கள் "பாவம்" என்பார்கள். விபத்தில் அடிபட்டவனின் தம்பி ஓடும்போதும் அதேதான். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற பதினாறு வயதுப் பெண்ணின் அப்பா எழுந்து ஓடும்போது மட்டும் பக்கத்து நாற்காலிகள் கொஞ்சம் அமைதியாகும். "வீட்ல என்ன நடந்துச்சோ" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வார்.

கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்று இரவுகள் இப்படிப்பட்ட அப்பா அம்மாக்களுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்திருக்கிறேன். ஒருமுறை அலுவலகத்தில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அண்ணனுக்காக, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில். ஒருமுறை எங்கள் அபார்ட்மெண்ட்டின் மேல்மாடிக் குடும்பத்துக்காக. ஒருமுறை சொந்தத்தில், அத்தை மகள் அக்காவுக்காக, தெற்கே ஓர் அரசு மருத்துவமனையில். மூன்று பிள்ளைகளும் பிழைத்தார்கள், இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். நான் மருத்துவனோ மனநல ஆலோசகனோ இல்லை. மென்பொருள் எழுதுகிறவன். கார் ஓட்டத் தெரியும், ராத்திரி கண்விழித்துப் பழக்கம் உண்டு என்பதால் கூப்பிட்டார்கள்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உள்ளே ஆட்கள் இருந்தார்கள். வெளியே இருந்த பெற்றோருக்கு ஒரே நேரத்தில் நான்கு வேடங்கள். என்ன நடந்தது என்று சொல்லவேண்டிய சாட்சி அவர்கள். பணம் கட்டுகிறவர்களும் அவர்கள். இனி பிள்ளையைக் கண்கொட்டாமல் காவல் காக்கவேண்டியவர்களும் அவர்களே. இதற்கெல்லாம் மேல், எல்லோருடைய பார்வையிலும், தங்கள் பார்வையிலும், அவர்கள்தான் முதல் சந்தேகத்துக்குரியவர்கள். இப்படி ஒருவர் நம் முன்னால் நிற்கும்போது அவருக்கு நாம் தரவேண்டியது என்ன? ஆறுதலா, உண்மையா? இரண்டும் சேர்ந்து வராத நேரத்தில் எது முதலில்? அந்த மூன்று இரவுகளும் எனக்குள் விட்டுப்போன கேள்வி இதுதான்.

2

உண்மையிலிருந்து ஆரம்பிக்கலாம். ஏனென்றால் அந்த வாசலில் முதலில் அடிபடுவது அதுதான்.

"தீராத வயிற்றுவலி" என்ற சொற்றொடரைத் தமிழ் நாளிதழ் வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். மாவட்டச் செய்திகளின் மூலையில், நான்கு வரிகளில், வயிற்றுவலி தாங்காமல் ஒரு மாணவியோ இளைஞரோ விபரீத முடிவு எடுத்ததாக வந்துகொண்டே இருக்கும். சின்ன வயதில் இதைப் படித்துவிட்டு, நம் ஊரில் வயிறுதான் மிக ஆபத்தான உறுப்பு என்று நினைத்திருக்கிறேன். பிறகு புரிந்தது. அது ஒரு குடும்பம் காவல்துறைக்கும் ஊருக்கும் சேர்த்துக் கொடுக்கிற வாக்குமூலம். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நம் சமூகம் கண்டுபிடித்து வைத்திருக்கும் பொதுவான நோய்.

கேஷுவாலிட்டியில் அதே பழக்கம் வேறு வார்த்தையில் வரும். "தெரியாம எதையோ சாப்பிட்டுட்டா." "சளி மருந்துன்னு நெனச்சுக் குடிச்சுட்டான்." மேல்மாடி வீட்டு அம்மா முதல் பத்து நிமிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். டியூட்டி டாக்டருக்கு அப்போது தேவைப்பட்டது மூன்றே விவரங்கள்: என்ன, எவ்வளவு, எப்போது. இந்த மூன்றையும் சரியாகச் சொல்லக்கூடியவர் உலகத்திலேயே அந்த அம்மா ஒருவர்தான். அவரோ போலீஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 309-வது பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்தது. ஓராண்டு வரை சிறை. 1994-ல் உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. 1996-ல் அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லும் என்றது. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவுதான் திசையை மாற்றியது. முயன்றவர் கடுமையான மனநெருக்கடியில் இருந்தார் என்றே கருதவேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது அது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லவே இல்லை.

சட்டம் மாறிவிட்டது. ஆனால் ஏ.ஆர். என்ட்ரி போடுவார்கள், காவல்துறைக்குத் தகவல் போகும், சில நேரம் ஒரு போலீஸ்காரர் நோட்டுடன் வந்து நிற்பார். காக்கிச்சட்டையைப் பார்த்த குடும்பத்துக்குச் சட்டத்தின் பிரிவு எண்கள் நினைவுக்கு வராது. "கேஸ் ஆயிடுச்சுன்னா பொண்ணோட வாழ்க்கை?" என்பதுதான் வரும்.

கூடப் போகிறவர் செய்யக்கூடிய முதல் உதவி இங்கேதான் இருக்கிறது. மேல்மாடி அம்மாவிடம் நான் சொன்னது இரண்டு வாக்கியம். "ஆன்ட்டி, இப்பல்லாம் இதுக்குக் கேஸ் போட்டு ஜெயில்ல போட மாட்டாங்க, சட்டமே மாறிடுச்சு. டாக்டர்கிட்ட உள்ளதைச் சொன்னாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும்." அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு ஹேண்ட்பேக்கிலிருந்து காலி அட்டையை எடுத்து டாக்டரிடம் கொடுத்தார். அதுவரை பைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

பொய் சொல்பவரை நாம் ஒழுக்கம் தவறியவராகப் பார்க்கப் பழகியிருக்கிறோம். அந்த வாசலில் பார்த்தபோது உண்மைக்கு ஒரு விலை இருப்பது தெரிந்தது. அதைக் கட்டும் நிலையில் அந்த அம்மா இல்லை. விலையைக் குறைத்தால் உண்மை தானாக வந்தது.

3

அடுத்தது "ஏன்?" என்ற கேள்வி. அதை எல்லோரும் கேட்கிறார்கள். நர்ஸ் கேட்கிறார், போலீஸ்காரர் கேட்கிறார், ஃபோனில் மாமியார் கேட்கிறார், அப்பா அம்மாவிடம் கேட்கிறார், அம்மா அப்பாவிடம் கேட்கிறார். விடிவதற்குள் பிள்ளையிடமும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்.

என் தொழிலில் "ஆன்-கால்" என்று ஒன்று உண்டு. நடுராத்திரி சர்வர் விழுந்தால் எழுப்பப்படுகிற ஆள் அந்த வாரம் நான். அந்த வேலையில் இரண்டு விதிகளை முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். ஒன்று, முதலில் சேவையை மீட்டெடு, காரணத்தை அப்புறம் தேடு. இரண்டு, பிறகு நடக்கும் ஆய்வில் ஆளைக் குற்றம் சாட்டாதே. இரண்டாவது விதி கருணையால் வந்தது இல்லை. குற்றம் சாட்டப்படும் என்று தெரிந்தால் ஆட்கள் மறைப்பார்கள், மறைத்த தகவல்தான் அடுத்த விபத்து. விமான விபத்து விசாரணைகளில் வளர்ந்த மரபு இது. அந்த ஆய்வுக் கூட்டத்துக்கு எங்கள் துறையில் "போஸ்ட்மார்ட்டம்" என்று பெயர். அலுவலக அண்ணனின் மகள் ஐ.சி.யூ-வில் இருந்த வாரத்துக்குப் பிறகு, எங்கள் குழுவில் யாரும் சொல்லாமலே அது "ரிவ்யூ" என்று மாறிவிட்டது.

அந்த இரண்டு விதிகளும் கேஷுவாலிட்டி வாசலுக்குப் பொருந்துகின்றன. "ஏன்?" என்பதற்கு அன்று இரவு பதில் கிடைத்தாலும் யாருக்கும் பயனில்லை. ஆனால் ஓர் இடத்தில் என் தொழிலின் பார்வை உதவவில்லை. சர்வர் விழுந்ததற்குப் பெரும்பாலும் ஒரு காரணத்தையோ காரணங்களின் ஒரு சங்கிலியையோ கண்டுபிடித்துவிடலாம். பதினாறு வயது மனதுக்கு அப்படி ஒரு லாக் ஃபைல் கிடையாது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் தற்கொலை மரணங்களைக் காரணவாரியாக வெளியிடுகிறது. 2022-ல் நாடு முழுக்க இறந்தவர்களில் 13,044 பேர் மாணவர்கள். எல்லா வயதினரையும் சேர்த்த காரணப் பட்டியலில் பெரிய கட்டம் "குடும்பப் பிரச்சினைகள்". ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. "தேர்வுத் தோல்வி" தனியாக ஒரு சின்னக் கட்டம். டேட்டாபேஸ் வடிவமைக்கிற எவனுக்கும் இதைப் பார்த்தால் உறுத்தும். ஒரு மரணத்துக்கு ஒரே ஒரு காரணம் மட்டும் நிரப்பக்கூடிய பத்தி. காவல் நிலையத்தில் ஒருவர் ஏதோ ஒரு கட்டத்தை நிரப்பியாக வேண்டும். தேர்வுக்குப் பயந்த பிள்ளை, வீட்டில் அதைச் சொல்ல முடியாத பிள்ளை, ஏற்கெனவே மனச்சோர்வில் மாதக்கணக்காகத் தூங்காத பிள்ளை, அன்றைக்கு நண்பர்கள் குழுவில் அவமானப்பட்ட பிள்ளை ஆகிய நால்வரும் ஒரே பிள்ளையாக இருந்தால் எந்தக் கட்டம்?

குடும்பம் மட்டும்தான் காரணம் என்றால், குடும்பத்துக்கு வெளியே செய்த மாற்றங்களுக்கு அர்த்தமே இருக்காது. பிளஸ் டூ-வில் தோற்றவர்கள் ஒரு வருடம் காத்திராமல் உடனே துணைத்தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்ததற்குப் பின்னால் தற்கொலைத் தடுப்பில் பணியாற்றியவர்களின் வலியுறுத்தல் இருக்கிறது. 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். இலங்கையில் 1995-க்குப் பிறகு கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது. அந்த இருபது ஆண்டுகளில் இலங்கையின் அப்பா அம்மாக்கள் எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை.

4

இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஒரு தகப்பனின் பக்கத்தில் உட்கார்ந்தால், நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். "உங்க தப்பு எதுவும் இல்ல."

அலுவலக அண்ணன் அன்று இரவு ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "நான்தான் தம்பி போனைப் புடுங்கினேன். பதினொரு மணிக்கு. பரீட்சை நேரத்துல என்ன போன்னு கேட்டுப் புடுங்கினேன்." அதற்குமேல் எதுவும் இல்லை. அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. அந்த மார்ச் மாத இரவில் தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் அப்பாக்கள் அதே நேரத்தில் அதே வார்த்தைகளைச் சொல்லிப் போனைப் பிடுங்கியிருப்பார்கள்? மற்ற வீடுகளில் கதவு அறைந்து சாத்தப்பட்டது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் இட்லி சாப்பிட்டார்கள். இவர் மட்டும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய உதாரணம் ஒரு லாரி ஓட்டுநர். எந்தக் கவனக்குறைவும் இல்லாமல் ஓட்டிவருகிறார், ஒரு குழந்தை குறுக்கே வந்து அடிபட்டு இறந்துவிடுகிறது. வேடிக்கை பார்த்தவர்களுக்கும் வருத்தம் இருக்கும். ஆனால் ஓட்டுநரின் வருத்தம் வேறு ஜாதி. அவர் தப்பு செய்யவில்லை, ஆனாலும் அது அவர் கையால் நடந்தது. நாம் எல்லோரும் அவரிடம் போய் "உன் மேல தப்பில்லப்பா" என்று சொல்வோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அவர் உடனே "ஆமாம், கரெக்ட்" என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டால் நமக்கு அவர்மேல் ஒரு சந்தேகம் வரும் என்கிறார் வில்லியம்ஸ். இதைச் செய்தவனின் வருத்தம் என்று சொல்லலாம். குற்றத்துக்கும் துக்கத்துக்கும் நடுவில் இருக்கிற ஒன்று.

"உங்க தப்பு இல்ல" என்று சொன்னபோதெல்லாம் அண்ணன் முகம் மூடிக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று பிறகு தோன்றியது. அந்த வாக்கியம் ஒரு தீர்ப்பு. விடுதலைத் தீர்ப்புதான் என்றாலும் தீர்ப்பு. தீர்ப்பு சொல்ல வந்தவர்களை அவர் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டார். மேலும், அதை ஏற்றுக்கொண்டால் மகளுக்கும் தனக்கும் அந்தக் கணத்தில் இருந்த ஒரே தொடர்பையும் கைவிட்டதாக ஆகும். அந்த வருத்தத்தை அவர் பிடித்துக்கொண்டிருந்தது மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி.

விடியற்காலை மூன்று மணிக்கு நர்ஸ் வெளியே வந்து, "சார், பொண்ணு குளிருதுங்குது, வீட்லேருந்து போர்வை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அண்ணன் எழுந்த வேகத்தை மறக்க முடியாது. காரில் பின்சீட்டில் ஒரு பழைய பெட்ஷீட் கிடந்தது. எடுத்து, உதறி, மடித்து, திரும்ப உதறி, மடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

குற்றம் பின்னால் பார்க்கிறது, பொறுப்பு முன்னால் பார்க்கிறது என்பார்கள். புத்தகத்தில் படிக்கும்போது சரியாகத்தான் இருக்கும். அந்த நாற்காலியில் இருப்பவரிடம் "முன்னால் பாருங்க" என்று சொன்னால் போதாது. கையில் ஒரு வேலை கொடுக்கவேண்டும். போர்வை கொண்டுவருவது, மனநலப் பிரிவு ஓ.பி. எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது, வீட்டுக்கு ஃபோன் செய்து மாத்திரைப் பெட்டியைப் பூட்டி வைக்கச் சொல்வது, இரண்டு இட்லி சாப்பிடுவது. தீர்ப்பைவிட வேலை ஒருவரை நன்றாகத் தாங்கும்.

5

இப்போது சங்கடமான கேள்விக்கு வரவேண்டும். எல்லாப் பெற்றோரும் போனை மட்டும்தான் பிடுங்கினார்களா?

இல்லை. அடிக்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள். சாதி பார்த்து மகளின் காதலை மிரட்டுகிற குடும்பங்கள் இருக்கின்றன. மகன் ஆண்களை விரும்புகிறான் என்று தெரிந்து பூட்டி வைத்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் நடந்த பாலியல் வன்முறையை மூடி மறைத்தவர்களும் அந்த நாற்காலிகளில் வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்கும் போர்வை மடிக்கக் கொடுத்தால் போதுமா? பெற்றோருக்கு ஆதரவு தருவது என்றால், உள்ளே படுத்திருக்கும் பிள்ளைக்கு எதிராக அணி சேர்வதாக ஆகிவிடாதா?

இதற்கு எனக்குக் கிடைத்த பதில் கோட்பாட்டிலிருந்து வரவில்லை. மேல்மாடி வீட்டில் பையன். மறுநாள் காலை மனநல மருத்துவர் வந்து, "நான் பையன்கிட்ட தனியா கொஞ்சம் பேசணும்" என்றார். அவன் அப்பா நகரவில்லை. "எங்களுக்குத் தெரியாத விஷயம் என்ன இருக்கு? எங்க முன்னாடியே பேசட்டும்." குரல் உயர்ந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். "அங்கிள், வாங்க, கீழ ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம், ராத்திரிலேருந்து நீங்க எதுவுமே சாப்பிடல" என்று தோளில் கைவைத்தேன். வந்தார். கேன்டீனில் அரைமணி நேரம். முதலில் டாக்டரைத் திட்டினார், பிறகு அவன் பிறந்த நாளைப் பற்றிப் பேசினார், பிறகு பேசவில்லை. மேலே அந்த அரைமணி நேரம் அவனுக்குக் கிடைத்தது. அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

அந்த டீ யாருக்காக? அப்பாவுக்காகவா, பையனுக்காகவா? இரண்டு பேருக்கும். பெற்றோரைத் தாங்குவதும் பிள்ளையைக் காப்பதும் எதிரெதிர் என்று நாம் நினைப்பதற்குக் காரணம், ஆதரவு என்றாலே ஒருவர் கட்சியில் சேர்வது என்று வைத்திருப்பதுதான். அந்த அப்பா அவன்மேல் கைநீட்டியவரா இல்லையா என்று தெரியாமலேயே நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்க முடிந்தது. தெரிந்திருந்தாலும் வாங்கிக் கொடுத்திருப்பேன். தாங்க ஆள் இல்லாத ஒருவர் தன் பதற்றத்தை எங்கே கொட்டுவார்? மிக அருகில், எதிர்த்துப் பேச முடியாமல் படுத்திருப்பவர்மேல்.

அதோடு ஓர் எல்லையும் உண்டு. அப்படித் தனியாகப் பேசும்போது வன்முறை வெளியே வந்தால், குடும்ப மானத்தின் பெயரால் அதை அமுக்க உதவுவது ஆதரவு ஆகாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்மேல் நடந்த பாலியல் குற்றத்தைத் தெரிந்தவர் புகார் செய்தே ஆகவேண்டும் என்கிறது 2012-ன் போக்சோ சட்டம். வீடே ஆபத்தாக இருக்கும் பிள்ளைக்கு, போய் இருக்க ஒரு சித்தி வீடோ பாட்டி வீடோ தேடுவதும் கூட வந்தவரின் வேலைதான். தீர்ப்பை ஒத்திவைக்கச் சொல்கிறேனே தவிர, ரத்துசெய்யச் சொல்லவில்லை.

6

அக்கா வீட்டு விஷயம் வேறு மாதிரி. அவளுக்கு மகன் மேல் அவ்வளவு பாசம். மூன்றாம் நாள் வார்டில் அவன் எழுந்து உட்கார்ந்ததும் அவள் முதலில் செய்தது, அவன் கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டதுதான். "இனிமே இப்படிப் பண்ண மாட்டேன்னு என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு." அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு "சத்தியம்" என்றான். வார்டில் இருந்த எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள்.

ஐந்து வாரம் கழித்து என்னுடன் பைக்கில் வரும்போது அவன் சொன்னான். "மாமா, நடுவுல ஒரு தடவ மறுபடி அப்படித் தோணுச்சு. அம்மாகிட்ட சொல்லலாம்னு பாத்தேன். சொன்னா சத்தியத்த மீறிட்ட மாதிரி ஆயிடும்ல. அம்மாவுக்கு எதுனா ஆயிடுமோன்னு பயம் வேற. அதான் சொல்லல." அன்றைக்கே டாக்டரிடம் போனோம்.

உளவியலில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970-களில் நோயாளியிடம் "தற்கொலை செய்துகொள்ள மாட்டேன்" என்று ஒப்பந்தம் வாங்கும் முறை அமெரிக்காவில் பரவியது. நம்முடைய உச்சந்தலைச் சத்தியத்தின் காகித வடிவம். அது உயிரைக் காக்கிறது என்பதற்கு இத்தனை ஆண்டுகளில் நம்பத்தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. பைக்கில் அவன் சொன்னது ஏன் என்று விளக்கிவிடுகிறது. சத்தியம் எண்ணத்தைத் தடுக்காது, எண்ணத்தைச் சொல்வதைத் தடுக்கும். அம்மாவின் உயிரை அடமானம் வைத்து வாங்கிய வாக்கு அது. ஏற்கெனவே "நான் எல்லோருக்கும் பாரம்" என்று நினைக்கிற பிள்ளைமேல் இன்னொரு பாரம்.

அதற்குப் பதிலாக இப்போது பயன்படுத்துவது பாதுகாப்புத் திட்டம். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் வடிவமைத்தது. ஒரு பக்கக் காகிதம், ஆறு படிகள். அந்த எண்ணம் வரப்போகிறது என்பதற்கான அறிகுறிகள் என்ன? தனியாகவே செய்து மனதைத் திருப்பக்கூடியது எது? யாரோடு, எந்த இடத்தில் இருந்தால் கொஞ்சம் மறக்கும்? யாரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம்? எந்த மருத்துவரை, எந்த உதவி எண்ணை அழைப்பது? கடைசியாக, வீட்டில் எதையெல்லாம் கைக்கு எட்டாமல் வைப்பது? இதைப் பிள்ளையே தன் வார்த்தைகளில் எழுதவேண்டும். அக்கா மகன் இரண்டாவது படியில் "ஷட்டில்" என்று எழுதினான், மூன்றாவதில் "தாத்தா கடை" என்று.

அந்த எண்ணம் மறுபடி வரும் என்று ஒப்புக்கொண்டுதான் இந்தக் காகிதம் ஆரம்பிக்கிறது. அதுதான் பெற்றோருக்குக் கஷ்டம். அக்காவுக்கு அந்த டாக்டர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "சத்தியம் அவன் பண்ண வேண்டாம்மா. நீங்க பண்ணுங்க. எந்த நேரத்துல வந்து சொன்னாலும் திட்ட மாட்டேன், ஏன்னு கேட்டுக் குடைய மாட்டேன்னு." அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். "திட்ட மாட்டேன். ஆனா அழாம இருப்பேன்னு சத்தியம் பண்ண முடியாது டாக்டர்" என்றாள். "அழுங்க, பரவாயில்ல" என்றார் அவர். பையன் சிரித்துவிட்டான்.

7

நடுராத்திரியில் எல்லாப் பெற்றோரும் கேட்கிற இன்னொரு கேள்வி: "இனிமே எப்பவும் இப்படித்தானா?" ஒருமுறை முயன்றவர் மறுபடி முயல்வார், தடுத்தாலும் ஒருநாள் போய்விடுவார் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 1978-ல் ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர், சான் ஃப்ரான்சிஸ்கோவின் பாலத்தில் கடைசி நேரத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்க்கையைத் தேடிப்போனார். பல ஆண்டுகள், சிலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்தும், 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு இருந்தார்கள் அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். முயற்சி நடந்தபின் ஆபத்து கூடுதல் என்பதும் உண்மை, குறிப்பாக வீடு திரும்பிய முதல் வாரங்களில். பெரும்பாலோர் கடந்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். முதலாவது கவனமாக இருக்க, இரண்டாவது மூச்சுவிட.

அந்த முதல் வாரங்களுக்கு என்ன செய்வது என்பதற்கு நம் ஊருக்கும் பங்குள்ள ஒரு பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து இடங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. அதில் ஒன்று சென்னை, இன்னொன்று கொழும்பு. தற்கொலை முயற்சிக்குப் பின் அவசர சிகிச்சைக்கு வந்த 1,867 பேர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு அதோடு, வீடு திரும்பும் சமயத்தில் ஒருமணி நேர உரையாடல், பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை ஃபோனிலோ நேரிலோ ஒரு தொடர்பு. எப்படி இருக்கீங்க, ஏதாவது உதவி வேண்டுமா, அவ்வளவுதான். 2008-ல் முடிவு வெளியானது. முதல் பிரிவில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம். ஒன்பது முறை விசாரிக்கப்பட்ட பிரிவில் 0.2.

இந்த எண்களை முதலில் படித்தபோது நம்பமுடியவில்லை. புதிய மருந்து இல்லை, கருவி இல்லை, செயலி இல்லை. யாரோ ஒருவர் மறக்காமல் இருந்திருக்கிறார்.

அது நோயாளிகளுக்கான ஆய்வு. பெற்றோருக்கு அப்படி ஒன்பது அழைப்புகள் வருகின்றனவா? பார்த்தவரை முதல் வாரம் வீடு நிறையச் சொந்தக்காரர்கள், ஹார்லிக்ஸ், ஆப்பிள், புத்திமதி. இரண்டாம் வாரம் யாரும் இல்லை. அம்மா பிள்ளையின் அறைக்கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்திருப்பாள். அப்பா ஆபீஸில் ஒவ்வொரு ஃபோன் மணிக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். வெளியே சொன்னால் பிள்ளையின் எதிர்காலம் போய்விடும் என்று யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். தெரிந்த ஒருசிலரும் சங்கடத்தில் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். தூங்காத இரண்டு பேர், மூன்றாமவரைக் காவல் காக்கும் வீடு அது.

நமக்கும் அந்த வாசலில் கூப்பிடப்படும் ஓர் இரவு வரலாம். அதற்காகச் சில விஷயங்களை எழுதி வைக்கிறேன். மருந்துச்சீட்டு, காலி அட்டை எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். டாக்டரிடம் உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். "ஏன்?" என்று கேட்கும் உறவினரின் ஃபோனை நீங்கள் வாங்கிப் பேசுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன் மனநல மருத்துவரைப் பார்க்காமல் கிளம்பவேண்டாம் என்று சொல்லுங்கள், அடுத்த சந்திப்புத் தேதியை எழுதி வாங்குங்கள். 14416 என்பது அரசின் டெலி-மானஸ் எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், பிள்ளைகளைப் போலவே பெற்றோரும் கூப்பிடலாம். தமிழ்நாட்டில் 104-ம் இருக்கிறது.

அப்புறம் உங்கள் ஃபோன் காலண்டரில் ஒரு ரிமைண்டர். இரண்டாவது வாரம் ஒன்று, நான்காவது வாரம் ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று. "அண்ணே, சாப்டீங்களா? ராத்திரி தூங்குனீங்களா?" என்று கேட்டால் போதும். முதல் நான்கைந்து முறை "ம், நல்லா இருக்கோம்" என்றுதான் பதில் வரும். அலுவலக அண்ணன் ஆறாவது முறைதான், மதியம் இரண்டரை மணிக்கு, மீட்டிங் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்தார்.